சனிக்கிழமைக் கணக்கு: வீடு கட்டும் வேலைக்கு பிராஜெக்ட் கன்ட்ரோல்ஸ்

நெய்வேலியில் ஓர் அனல்மின் யூனிட்டைப் பராமரிப்புக்கு நிறுத்தினாலும், கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலை ஷட்டவுன் எடுத்தாலும், முதலில் அட்டவணை போடுவார்கள். அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவார்கள். எந்த வேலை எந்த நாளில், எவ்வளவு செலவில் என்பதை எழுதி வைத்து, நடப்பதை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே போவதைத்தான் பிராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் என்கிறோம். மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ இருபது லட்சத்தில் வீடு கட்டுபவருக்கும் இது அதே அளவு தேவை. சொல்லப்போனால் அவருக்குத்தான் கூடுதலாகத் தேவை. போடுவது ஆயுள் சேமிப்பு.

ஒரு நோட்டு போதும். கூகுள் ஷீட் தெரிந்தால் இன்னும் வசதி.

படி 1: வேலையைப் பிரித்து விலை போடுங்கள்

மொத்தத்தை ஒரே தொகையாக வைத்தால் எதையும் கண்காணிக்க முடியாது. எடுத்துக்காட்டுக்கு 20 லட்ச ரூபாய் வீட்டை இப்படிப் பிரிக்கலாம்:

- அஸ்திவாரம், பேஸ்மென்ட்: 3.5 லட்சம்
- சுவர்: 4 லட்சம்
- மேல்தளம்: 4.5 லட்சம்
- பூச்சு: 2 லட்சம்
- ஒயரிங், பிளம்பிங்: 2 லட்சம்
- டைல்ஸ்: 2 லட்சம்
- கதவு, ஜன்னல்: 1.5 லட்சம்
- பெயின்ட்: 0.5 லட்சம்

உங்கள் இன்ஜினியரின் எஸ்டிமேட்டில் தொகைகள் மாறும், முறை மாறாது.

படி 2: எது எதற்காகக் காத்திருக்கிறது?

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் எது முடிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் எலெக்ட்ரீஷியன் தளத்துக்குள் பைப் பதித்திருக்க வேண்டும். கொட்டிய பிறகு, தளத்தின் அகலத்தைப் பொறுத்து முட்டு பிரிக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை உள்பூச்சுக்கு வழியில்லை. கைப்பிடிச் சுவரையோ வெளிப்பூச்சையோ அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக் கோத்துப் பார்த்தால் ஒரு நீண்ட சங்கிலி கிடைக்கும். அதில் எந்தக் கண்ணி ஒரு நாள் தள்ளினாலும் வீடு ஒரு நாள் தள்ளும். இதுதான் கிரிட்டிக்கல் பாத். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில் உருவான முறை இது. வாசக்கால் வராமல் சுவர் நின்றால் எல்லாமே நிற்கும். ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டைல்ஸ் நிறத்தை ஒரு மாதம் கழித்து முடிவு செய்தாலும் ஒன்றும் ஆகாது. வீட்டில் டைல்ஸுக்காக நடக்கும் பேச்சில் பாதியாவது வாசக்காலுக்காக நடந்தால் நல்லது.

படி 3: மழையைக் காலண்டரில் குறியுங்கள்

கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தபோது அங்கே 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. ஆகவே டிசம்பர் கடைசி வரை ஆபத்து உண்டு என்றே திட்டமிடுங்கள்.

வைகாசிக் கடைசியில் பூஜை போட்டால் செப்டம்பர் முதல் வாரத்தில் தளம் போடுவதுபோல நாள் குறித்து, மீதி செப்டம்பரைக் கையிருப்பாக விடுங்கள். மழைக்காலத்துக்கு உள்வேலைகளை ஒதுக்குங்கள். சிமென்ட் மூட்டை வைக்கும் இடம் மேடாக இருக்கட்டும்.

இந்தத் தொகைகளும் தேதிகளும் சேர்ந்ததுதான் உங்கள் பேஸ்லைன். ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். இனி அதைத் திருத்தக்கூடாது.

படி 4: ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதை முன்பே பேசுங்கள்

“எவ்வளவு முடிஞ்சிருக்கு?” என்று மேஸ்திரியிடம் கேட்டால், “தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சிடுச்சு சார்” என்பார். அடுத்த வாரமும் அதே தொண்ணூறுதான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அளவுகோல் இல்லாத கேள்விக்கு அப்படித்தான் பதில் வரும்.

வேலை தொடங்கும் முன்பே இருவரும் உட்கார்ந்து அளவு வையுங்கள். மேல்தளம் என்றால்: சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு, கம்பி கட்டி பைப் பதித்தால் மூன்றில் இரண்டு, கான்கிரீட் கொட்டினால் பத்தில் ஒன்பது, நீராற்றி முட்டு பிரித்த பிறகே முழுசு. சுவருக்கு வரிசைகளை எண்ணினாலே போதும்.

படி 5: சனிக்கிழமை மூன்று எண்கள்

நம் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள். கொத்தனார், சித்தாள் கணக்கை முடித்த கையோடு மூன்று எண்களை எழுதுங்கள்: இன்றைக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு, உண்மையில் முடிந்த வேலையின் மதிப்பு, ஆன செலவு. நடு எண்ணுக்குத்தான் ஏர்ண்டு வேல்யூ என்று பெயர். பெரும்பாலானோர் எழுதாமல் விடுவது அதைத்தான்.

பத்தாவது வாரம் என்று வைத்துக்கொள்வோம். திட்டப்படி அஸ்திவாரம், சுவர், சென்ட்ரிங் எல்லாம் முடிந்து 9 லட்சத்துக்கு வேலை ஆகியிருக்க வேண்டும். செலவு 8 லட்சம். ‘ஒரு லட்சம் மிச்சம்’ என்று வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

மனையில் போய்ப் பாருங்கள். அஸ்திவாரம் முழுசு, சுவர் முக்கால்தான். அதாவது 3.5 லட்சம், 3 லட்சம்; ஆக 6.5 லட்சத்துக்கான வேலை. 6.5ஐ 9ஆல் வகுத்தால் 0.72. கால அட்டவணையில் நன்றாகவே பின்தங்கிவிட்டீர்கள். கையிருப்பாக விட்ட செப்டம்பர் கரைகிறது.

அடுத்து செலவு. முடிந்த வேலையின் 6.5ஐ ஆன செலவான 8ஆல் வகுத்தால் 0.81. இதைக் கண்டு பதறும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த 8 லட்சத்தில் தளத்துக்காக முன்கூட்டியே வாங்கி அடுக்கிய கம்பி ஒரு லட்சத்துக்கு இருக்கலாம். அது இன்னும் வேலையாகவில்லை, வீணாகவும் இல்லை. செலவிலிருந்து கழித்துத் தனியே எழுதுங்கள். அதேபோல கடையில் கடன் சொல்லி எடுத்துப் பூசி முடித்த சிமென்ட்டைச் செலவில் சேர்க்க வேண்டும். கம்பியைக் கழித்தால் 6.5 வகுத்தல் 7, அதாவது 0.93. நூறு ரூபாய் கொடுத்து 93 ரூபாய் வேலை வாங்குகிறீர்கள். இதே போக்கில் போனால் 20 லட்சத்தை 0.93ஆல் வகுங்கள்: வீடு சுமார் 21.5 லட்சத்தில் முடியும்.

காரணம் செங்கல் விலையா, சேதாரமா, ஆள் வராத நாட்களா என்று அன்றைக்கே மேஸ்திரியுடன் பேசுங்கள்.

படி 6: கூடுதல் வேலைக்குக் கையெழுத்து

“இங்கே ஒரு லாஃப்ட் போட்டுடலாமே” என்று மாமா சொல்வார். போடலாம். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன வேலை, எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று எழுதி, நீங்களும் மேஸ்திரியும் கையெழுத்துப் போட்ட பிறகே தொடங்க வேண்டும். பேஸ்லைன் அப்படியே இருக்கும். கூடுதல் தனி வரியாக ஏறும். கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பக்கத்தால் இல்லாமல் போகும்.

படி 7: எண்ணுக்கு ஏற்ப முடிவு

ஒன்றரை லட்சம் துண்டு விழும் என்று பத்தாவது வாரத்திலேயே தெரிந்தால் வழிகள் திறந்திருக்கின்றன. டைல்ஸின் தரத்தைக் குறைக்கலாம், போர்டிகோவைத் தள்ளிப்போடலாம். கம்பியிலும் சிமென்ட்டிலும் மட்டும் கை வைக்காதீர்கள். வீட்டுக்கடன் என்றால் வங்கி கட்டம் கட்டமாகத்தான் பணம் விடும். தளம் தள்ளிப்போனால் அடுத்த தவணையும் தள்ளும். புதிய தேதியோடு இந்த வாரமே கிளை மேலாளரைப் பாருங்கள்.