செல்ஃப் அடிக்கிறது, வண்டி பிடிக்கவில்லை: பழைய மாருதி 800-க்கு மழைக்காலச் சோதனை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம் கொட்டகையில் நின்ற பழைய கார், செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. டெல்டா மாவட்டங்களில் வருடா வருடம் நடப்பதுதான். உடனே பிளக், காயில், பம்ப் என்று வாங்கி மாட்டிப் பார்க்காதீர்கள். கரண்ட் இல்லையா, பெட்ரோல் இல்லையா என்று முதலில் பிரித்துவிடுங்கள். கீழே உள்ளது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள மாடலுக்கு மட்டும்.

பிளக் ஸ்பேனர், மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், உலர்ந்த பருத்தித் துணி, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பாட்டில் போதும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்கட்டும். ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள்.

1. பேட்டரி

சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போனால், மோட்டார் சுற்றினாலும், பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலுக்குப் போதிய கரண்ட் போகாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரம் என்றால் டெர்மினலில் உப்புப் போலப் பூத்திருக்கிறதா பாருங்கள். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து, கிரீஸ் தடவுங்கள்.

2. கரண்ட்

மழைக்காலத்தில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் இரும்பு உடல் இன்ஜினில் படும்படி வையுங்கள். கார்புரேட்டரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். கையால் பிடிக்க வேண்டாம். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சட்சட்டென்று அடித்தால் நல்லது. மெலிந்த ஆரஞ்சுப் பொறி போதாது.

பொறி வராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் (காயிலின் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) கேப்பைத் திறங்கள். உள்ளே வியர்த்திருந்தால் துணியால் ஒற்றி எடுத்து வெயிலில் வையுங்கள். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பென்சில் கோடு போலக் கருப்பாக ஓடியிருந்தால், கரண்ட் அந்த வழியே ஒழுகுகிறது. துடைத்துப் பயனில்லை, கேப்பை மாற்ற வேண்டும். நடுவில் உள்ள கரிப் புள்ளி தேய்ந்திருக்கிறதா, கேப்புக்கு உள்ளே சுற்றும் ரோட்டாரில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த மாடலில் அதன் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், பிளக்கில் 0.7 முதல் 0.8.

சாவி போட்டபின் காயிலின் பிளஸ் முனையில் டெஸ்ட் லாம்ப் எரியாவிட்டால் ஃபியூஸையும் வயரையும் தேடுங்கள். வயலில் தண்ணீர் ஏறினால் எலி கொட்டகைக்கு வரும், வயரைக் கடிக்கும். வயலுக்கு வைக்கும் எலிக் கிட்டியில் (பொறியில்) ஒன்றை இங்கேயும் வையுங்கள். எலிப் புழுக்கை கிடந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

3. பெட்ரோல்

ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜின் ஓடாத நிலையில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை இழுத்தால் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். இல்லையென்றால் காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த்தில் கட்டுங்கள். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைப் பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது.

விட்டு விட்டு வேகமாக வந்தால் பம்ப் சரி. குமிழியோடு வந்தால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று இழுக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும். பாட்டிலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, டேங்கைக் காலி செய்ய வேண்டும்.

ஆயில் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் பம்ப்புக்குள் இருக்கும் டயபிரம் (சவ்வு) கிழிந்திருக்கலாம். ஆயிலையும் மாற்றாமல் வண்டியை ஓட்டக் கூடாது.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். துடைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் நனையும்.

4. கரண்ட், பெட்ரோல் இரண்டும் வரவில்லை என்றால்

இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப் இரண்டையும் கேம்ஷாஃப்ட்தான் இயக்குகிறது. அதனால் இரண்டும் ஒன்றாக நின்றால், கேம்ஷாஃப்ட்டைச் சுற்ற வைக்கும் டைமிங் பெல்ட்டைச் சந்தேகப்படுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது ரோட்டார் சுற்றாவிட்டால் பெல்ட் அறுந்திருக்கிறது அல்லது பல் போயிருக்கிறது. மேற்கொண்டு செல்ஃப் அடிக்காமல், தள்ளியும் ஸ்டார்ட் செய்யாமல், வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றச் சொல்லுங்கள்.