ஸ்பிரைட் அட்லஸ் அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல் பரிசலை வைத்து ஒரு சிறிய இருபரிமாண விளையாட்டைத் தருமபுரியில் நானும் இரு நண்பர்களும் யூனிட்டி என்ற விளையாட்டு மென்பொருளில் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பரிசலின் விளிம்பில் முடியளவு பச்சைக் கோடு ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது. கேமரா நின்றால் கோடு இருக்காது, நகர்ந்தால் வந்துவிடும். பரிசல் படத்தை மூன்று முறை வரைந்து பார்த்தும் கோடு போகவில்லை. விளையாட்டின் சிறு படங்களை, அதாவது ஸ்பிரைட்டுகளை, ஒரே பெரிய படமாக அடுக்கி வைப்பதுதான் அட்லஸ். அதில் பரிசலை ஒட்டி அடுக்கப்பட்டிருந்த கரையோரச் செடியின் பச்சைதான் அது.

படத்தை மென்மையாகக் காட்டும் பைலீனியர் ஃபில்டரிங்கில், திரையில் படம் வரையும் சிப்பான ஜிபியு ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அருகிலுள்ள 4 பிக்சல்களை விகிதப்படி கலந்தே எடுக்கிறது. ஒரு ஸ்பிரைட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. தனிக் கருவி ஒன்றில் படங்களை அடுக்கும்போது, இடம் வீணாகக் கூடாதென்று படங்களுக்கு இடையே விடும் இடைவெளியான பேடிங்கைப் பூஜ்யமாக வைத்தது எங்கள் தவறு. யூனிட்டியின் சொந்த ஸ்பிரைட் அட்லஸில் இயல்பாகவே 4 பிக்சல் பேடிங் இருக்கும். அதைக் குறைக்கக் காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் பேடிங் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பக்கம் பக்கமாக ஒட்டி வைக்கும் தண்ணீர்த் துண்டுகளான டைல்களைச் சுற்றி வெற்று இடம் விட்டபோது பச்சைக் கோடு போய், டைலுக்கு டைல் இடையே பின்னணி தெரியும் மெல்லிய விரிசல் வந்தது. ஒட்டி நிற்க வேண்டிய டைல்களுக்கு விளிம்புப் பிக்சலையே பேடிங்குக்குள் நீட்டி நிரப்ப வேண்டும். தூரத்தில் காட்டுவதற்காக ஒரே படத்தின் சிறிய பிரதிகளையும் வைத்திருக்கும் மிப்மேப் இயங்கினால் ஒவ்வொரு நிலையிலும் அளவு பாதியாவதால், 4 பிக்சல் இடைவெளி 2, 1 எனச் சுருங்கி மூன்றாம் நிலையில் அரைப் பிக்சலாகிவிடும். கேமரா தூரம் மாறாத விளையாட்டில் மிப்மேப்பை அணைத்துவிடுவதே நல்லது. அதற்கென மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நினைவகமும் போகாது.

ஆறு ஓடுவதுபோல் காட்ட, தண்ணீர்ப் படத்தின் யுவியை (படத்தின் எந்தப் பகுதியைக் காட்டுவது என்று சொல்லும் ஆயங்களை) மட்டும் நகர்த்தும் வழக்கத்தை அட்லஸுக்குள்ளும் தொடர்ந்தோம். விளிம்பைத் தாண்டினால் படத்தை மறுபடி தொடங்கும் ரிப்பீட் என்பது ஜிபியுவில் ஏற்றப்படும் முழுப் படத்துக்கும், அதாவது முழு டெக்ஸ்ச்சருக்கும் உரியது, அதிலுள்ள ஒரு துண்டுக்கு உரியதன்று. ஆகவே தண்ணீரைத் தொடர்ந்து பாறையும் மீனும் துடுப்பும் வரிசையாக மிதந்து வந்தன. சிரித்து முடித்தபின் அந்தப் படத்தைத் தனி டெக்ஸ்ச்சராக வெளியே எடுத்து வைத்தோம்.

இவை கண்ணில் படும் பிழைகள். கண்ணில் படாமல் கைப்பேசியைத் திணற வைப்பது, எதை எதோடு சேர்ப்பது என்பதில் செய்யும் பிழை. படங்களை அளவு பார்த்து, இடம் கிடைத்த அட்லஸில் எல்லாம் நிரப்புவது பலருடைய பழக்கம். எந்தப் படங்கள் ஒரே நேரத்தில் திரையில் வருகின்றன என்பதையே பார்க்க வேண்டும். கரையிலுள்ள மீன் வறுவல் கடையின் பலகை ஒன்றை முதன்மை மெனுவிலும் காட்டினோம். அந்த ஒரு பலகைக்காகக் கரைக் காட்சியின் முழு அட்லஸும் நினைவகத்தில் ஏறியது. சுருக்கப்படாத 2048x2048 பிக்சல் அட்லஸ் ஒன்றுக்கு 16 எம்பி, 4096x4096 என்றால் 64 எம்பி. வட்டில் அதன் பிஎன்ஜி கோப்பு எவ்வளவு சிறியதென்பது இங்கே கணக்கில் வராது. ஜிபியு நேரடியாகப் படிக்கும் ஏஎஸ்டிசி 4x4 சுருக்கத்தில் அந்த 16 எம்பி 4 ஆகிவிடும்.

வரையும் வரிசையும் முக்கியம். பரிசல் ஓர் அட்லஸிலும், அதன்மேல் வரும் நுரை வேறோர் அட்லஸிலும், நுரைக்கு மேல் வரும் பாறை மறுபடி முதல் அட்லஸிலும் இருந்தால், ஒரே டிரா காலில் (ஜிபியுவுக்கு இடும் ஒரு வரைதல் கட்டளையில்) முடிய வேண்டியது மூன்றாகப் பிரிந்துவிடும். நுரையைப் பரிசலோடு சேர்த்தவுடன் இது சரியாகிவிட்டது.

யூனிட்டியில் மெனு போன்றவற்றை வைக்கும் கேன்வாஸில் வரும் பொத்தான்களுக்கான அட்லஸில் ‘அலோ ரொட்டேஷன்’ தேர்வை எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் இடத்துக்காகத் திருப்பி அடுக்கப்பட்ட பொத்தான் திரையிலும் திரும்பியே நிற்கும். எந்த டிரா கால் ஏன் முந்தையதோடு சேரவில்லை என்ற காரணத்தை யூனிட்டியின் ஃபிரேம் டீபக்கர் கருவி எழுதியே காட்டும் என்பதால், அட்லஸைக் கலைத்து அடுக்கும் முன் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.