தூத்துக்குடிச் சரக்கைப் பினாங்குக்கு வரவழைக்கும் முறை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், துணிமணி ஆகியவற்றைத் தீபாவளிக்கு வரவழைக்கும்போது, சரக்கு முகவரிடம் முதலில் கேட்பது கட்டணத்தைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, சரக்கு எத்தனை கப்பல் மாறி வரும் என்பது.

கொள்கலன் எனப்படும் பெரிய இரும்புப் பெட்டிகளை ஏற்றிவரும் பெரிய கப்பல்கள் போதிய ஆழமும் நிறையச் சரக்கும் உள்ள சில துறைமுகங்களில் மட்டுமே நிற்கின்றன. மற்ற ஊர்களுக்குச் சிறிய இணைப்புக் கப்பல்கள் ஓடுகின்றன. தூத்துக்குடிப் பெட்டிகள் நெடுங்காலமாகக் கொழும்பை நம்பியே வெளியுலகுக்குச் சென்றன. இந்தப் பக்கம் மலேசியாவில், 1986-இல் கொள்கலன் முனையத்தைத் தனியார்மயமாக்கி, 1990-களில் இண்டா தீவில் வெஸ்ட்போர்ட்ஸ் முனையத்தையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்த கிள்ளான் துறைமுகம், கையாளும் பெட்டிகளில் பெரும்பகுதியைக் கப்பல் மாற்றி அனுப்பும் இடமாகவே விளங்குகிறது. ஆகவே தூத்துக்குடியில் ஏறும் பெட்டி, கொழும்பிலும் கிள்ளானிலும் மாறி, மூன்றாவது கப்பலில் பினாங்கை அடையக்கூடும். சென்னையிலிருந்து கிள்ளானுக்கு நேரடிச் சேவைகள் இருப்பதால், சென்னை வரையிலான லோரிக் கூலியைச் சேர்த்து அந்த வழிக்கும் விலை கேளுங்கள். (1985-இல் தீப்பிடிக்கும் வரை தமிழ்நாட்டிலிருந்து நேரே பினாங்குக்கு ஓடிய ‘சிதம்பரம்’ பயணிகள் கப்பலில் தகரப் பெட்டியோடு வந்திறங்கிய பெரியவர்களுக்கு இந்தச் சுற்றுவழி விளங்குவதே இல்லை.)

நாள்களைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இணைப்புக் கப்பல்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறைதான் புறப்படும் என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வாரம் போய்விடும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரத்தைக் கூடுதலாக ஒதுக்குங்கள். முதல் கப்பல் கிளம்பும் தேதியை மட்டும் கேட்டு நிம்மதியாக இருந்த ஓர் ஆண்டில், என் விளக்குகள் இடைத் துறைமுகத்தில் காத்துக் கிடந்து, தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் கடைக்கு வந்தன. இரண்டாவது கப்பலின் பெயரையும் தேதியையும் எழுத்தில் வாங்காமல் நான் இப்போது பணம் கட்டுவதில்லை.

கப்பல் சரக்குச் சீட்டில் (பில் ஆஃப் லேடிங்) இறங்கு துறைமுகமாகப் பினாங்கு குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கிள்ளான் என்றிருந்தால், 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தரைவழிச் செலவு உங்கள் தலையில் விழும். மலிவாகத் தோன்றும் பல விலைகளின் இரகசியம் இதுதான். பினாங்கு என்றாலும் கொள்கலன் முனையம் தீவில் இல்லை, பட்டர்வொர்த்தில் இருக்கிறது. பாலம் தாண்டிவரும் லோரியையும் கணக்கில் சேருங்கள்.

சரக்கு குறைவாக இருந்தால், பிறரோடு கொள்கலனைப் பகிரும் எல்.சி.எல். முறை போதும். அதில் ஒரு கன மீட்டரா ஒரு டன்னா, எது கூடுதலோ அதற்கே கட்டணம் என்பதால், அண்டாக்களை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். 20 அடிப் பெட்டியில் சுமார் 33 கன மீட்டர் இடம் உண்டு. உங்கள் சரக்கு அதில் பாதியை நெருங்கினால் தனிப் பெட்டியின் விலையையும் விசாரியுங்கள். மரச்சட்டத்தில் கட்டுவதாயின், 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய மரம் என்பதற்கான அனைத்துலக முத்திரை அதில் இருக்க வேண்டும்.

ஆசியான்–இந்தியா வணிக உடன்பாட்டின்படி வரிச்சலுகை பெற, சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும் ஏ.ஐ. படிவம் எனப்படும் சான்றிதழை அனுப்புநர்தான் இந்தியாவில் வாங்கித் தர வேண்டும். சரக்குக் கிளம்பும் முன்பே அதை வற்புறுத்துங்கள். விலைப்பட்டியலிலும் பொதிப் பட்டியலிலும் பொதிகளின் எண்ணிக்கை ஒத்திருக்கட்டும். இங்கே சுங்கத்துறைக்கான கே1 இறக்குமதிப் படிவத்தை உங்கள் முகவர் பதிவு செய்வார். தனிப் பெட்டி எடுத்தவர்கள், எத்தனை நாள் கட்டணமின்றி வைத்திருக்கலாம் என்பதைத் துறைமுக வாடகைக்கும், காலிப் பெட்டியைத் திருப்பித் தருவதற்கும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனெனில் அவை இரண்டும் வெவ்வேறு பில்களாக வரும்.