இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் காரில் ஏற ஒரு குப்பைப் பை

பினாங்கில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு ஈப்போவுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ திரும்புகிறவர்கள், காரின் முன்சீட்டில் பெரிய குப்பைப் பை ஒன்றை விரித்து அதன்மேல் உட்காருங்கள்.

முதலில் சீட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தையும் கொஞ்சம் சாய்த்துவிட வேண்டும். முழங்காலின் பின்பக்கம் சீட்டில் படும்வரை பின்னால் நகர்ந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னே நீட்டியபடி மெதுவாக உட்காருங்கள். அப்புறம் பை வழுக்குவதால் காலும் உடம்பும் ஒன்றாகவே உள்ளே திரும்பும். வெறும் துணி சீட்டு என்றால் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் திரும்பி இடுப்பு முறுகும். புது மூட்டு நழுவ அது காரணமாகலாம்.

தாழ்வான சீட்டுக்குக் கெட்டியான குஷன் போடுங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. தலையணை அமுங்கிப்போகும், வேண்டாம்.

உட்கார்ந்து சரியானதும் பையை உருவிவிடுங்கள், பிரேக் போட்டால் சறுக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு ஒருமுறை ஆர் அண்ட் ஆரில் (சாலையோர ஓய்விடத்தில்) நிறுத்தி நாலு எட்டு நடந்தால் இரத்தக்கட்டு அபாயம் குறையும். "அப்பா தூங்குறாரு, போவோம்" என்று விடாதீர்கள்.

உயரமான வேனுக்கும் பிக்கப்புக்கும் இது உதவாது, ஏறுவதே சிரமம். காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் எப்படிப் போவது என்று அவரிடமே கேளுங்கள். முன்பக்கம் கீறிச் செய்த ஆபரேஷனுக்குக் கட்டுப்பாடுகள் வேறு. வார்டிலிருந்து கிளம்பும் முன்பே பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.