குடி, புகை பற்றிப் பிள்ளைகளை வாதாட விடுவது எப்படி?

மும்பை தாராவியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் 20 பேர். வருஷத்தில் ஒரு வாரம் கணக்கை மூடி வைத்துவிட்டு குடி, மாவா (பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லுவது), சிகரெட் பற்றிப் பேசுவோம்.

முதல் வருஷம் "மது நல்லதா, கெட்டதா?" என்று பட்டிமன்றம் வைத்து அசடு வழிந்தேன். நல்லது என்று பேச ஆளே இல்லை. கெட்டது என்றவர்கள் சுவரில் எழுதியிருப்பதை ஒப்பித்தார்கள். இரண்டு பக்கமும் நிஜமாகவே இழுக்கிற தலைப்பு வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது இது: "கூட்டாளி மாவா போடுவது தெரிந்தால் அவன் வீட்டில் சொல்லலாமா?"

15 நிமிஷம் வாதம் நடக்கட்டும். சூடு ஏறியதும் அணியை மாற்றிவிடுங்கள். "சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி" என்று கத்திய பையன் இப்போது சொல்லத்தான் வேண்டும் என்று பேசியாக வேண்டும். கொஞ்ச நேரம் முழித்தான். பிறகு, "வீட்ல அடிப்பாங்கன்னா மிஸ்கிட்ட சொல்லலாம்ல?" என்றான். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த வழி அவனுக்குத் தோன்றியிருக்காது.

வாதம் தொடங்கும் முன்பே ஒரு கட்டுப்பாடு: யார் பெயரும் வரக்கூடாது, "ஒருத்தர்" என்றுதான் சொல்ல வேண்டும். இதை நான் சொல்ல மறந்த நாளில் ஒரு பெண் "எங்கப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகு முதல் நாளே கரும்பலகை ஓரத்தில் 1098, 14446 இரண்டையும் எழுதிவிடுகிறேன். முன்னது குழந்தைகளுக்கான உதவி எண், பின்னது போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கு. எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் யாரும் கூசாமல் குறித்துக்கொள்வார்கள். தனியாக வந்து சொல்கிற பிள்ளையிடம் "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் கேள்வியாகவே கொடுங்கள். மகாராஷ்டிராவில் பீருக்கு 21 வயது, விஸ்கி, ரம் மாதிரிக் கடும் மதுவுக்கு 25. இந்த வித்தியாசம் எதற்கு? குட்காவுக்கு 2012-லேயே தடை வந்துவிட்டது, இன்னும் எப்படிக் கிடைக்கிறது? பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கக்கூடாது. 300 அடி என்றதும் வீட்டுக்குப் போகிற வழியில் எல்லோரும் காலடி எண்ணினார்கள். கடைக்காரரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். அவர் யாருக்காவது மாமாவாக இருப்பார்.

அழுகிய வாய்ப் படங்கள் வேண்டாம். "ஒரு தடவை இழுத்தால் செத்துப்போவாய்" என்பதும் வேண்டாம். இழுத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடுகிற அண்ணன்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். யோசித்து முடிவெடுக்கிற மூளையின் முன்பகுதி 20 வயதைத் தாண்டியும் வளர்கிறது என்று சொன்னால் கேட்கிறார்கள்.

கடைசி நாள், பெயர் போடாமல் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுப்பது. எல்லோரும் எழுத வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் "இல்லை" என்றாவது எழுத வேண்டும். எல்லோருடைய கையெழுத்தும் எனக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் இப்போதெல்லாம் பக்கத்து சாலிலிருந்து (வரிசை வீட்டுக் குடியிருப்பு) ஒரு அக்கா வந்து வாசிக்கிறார். சீட்டுகளை அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.