மானுக்கு எந்த ரைபிள் என்று கேட்கிற மருமகனுக்கு

கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் போன வாரம் வட்ஸ்அப்பில், "மாமா, மான் வேட்டைக்கு என்ன ரைபிள் வாங்குறது?" என்று கேட்டான். பதினெட்டு வருடம் ஒன்ராறியோவில் இருந்துவிட்டு இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுத் திண்ணையில் குந்தியிருக்கும் எனக்கு வேறென்ன வேலை, அரை மணித்தியாலம் குரல் பதிவு போட்டேன். அவனைப் போல இன்னும் நாலு பேர் கேட்பார்கள், அதனால் எழுதியும் வைக்கிறேன்.

இது அங்கே இருப்பவர்களுக்கு மட்டும். இங்கே, இலங்கையில், புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டத்தால் காக்கப்பட்டவை. படுவான்கரையில் நம் பாட்டன்மார் மரை இறைச்சி வத்தல் போட்ட கதையெல்லாம் கதையாகவே இருக்கட்டும்; மிருகம் வரும் வழியில் கட்டுத்துவக்கு கட்டி வைக்கிறவனோடு எனக்குப் பேச்சே இல்லை. அங்கேயும் சும்மா காட்டுக்குள் இறங்க முடியாது. துவக்குப் பயிற்சி, துவக்கு வைத்திருக்கும் அனுமதி, வேட்டைப் பயிற்சி, வேட்டை அனுமதி, மானுக்குத் தனி அனுமதி எல்லாம் வேண்டும். ஒன்ராறியோவின் தெற்கில் சில இடங்களில் மானுக்கு ரைபிளே கூடாது, ஷொட்கன் (நம் ஊர் பன்னிரண்டு போர் துவக்கின் வகை) போன்றவைதான். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் எந்த இடத்தில் வேட்டையாடப் போகிறீர்கள் என்று முடிவெடுத்து, அந்த இடத்துச் சட்டத்தைப் பாருங்கள்.

சரி, ரைபிளுக்கும் அதன் ரவைக்கும் பேராக வரும் இலக்கங்களுக்கு வருவோம். ரவை என்றால் கோது, மருந்து, சன்னம் எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டா; சன்னம் என்றால் குழலிலிருந்து பறந்துபோகும் முனை மட்டும். 308 என்றால் சன்னத்தின் விட்டம் 0.308 அங்குலம், கிட்டத்தட்ட 7.8 மில்லிமீற்றர். 243 என்றால் 0.243 அங்குலம். 30-06 என்பதில் 06 மட்டும் 1906ஆம் ஆண்டைச் சொல்கிறது, அது அமெரிக்க இராணுவத்துக்காக வந்த ரவை. 308 வந்தது 1952இல். அதன் கோதின் கழுத்தை ஒடுக்கித்தான் 1955இல் 243ஐச் செய்தார்கள். 270 இன்னும் பழையது, 1925. கடைசியாக வந்து பேர் எடுத்தது 6.5 கிரீட்மோர், 2007. இவற்றில் எதை எடுத்தாலும் வெள்ளைவால் மான் விழும். இதை வைத்து இரவு முழுக்க வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் பாதிப் பேர் வருடத்தில் ஒரு பெட்டி ரவைகூடச் சுடுவதில்லை.

என் கதையைக் கேளுங்கள். முதல் ரைபிள் வாங்கப் போனபோது கடைக்காரர், "பெரிசா எடுத்தா பிறகு கரடிக்கும் பாவிக்கலாம்" என்று 300 வின்செஸ்டர் மெக்னத்தைத் தலையில் கட்டிவிட்டார். 308ஐ விட ஒன்றரை மடங்கு உதைக்கும் சாமான் அது. மூன்றாவது வெடியிலேயே தோள் வெருளத் தொடங்கிவிட்டது, விசையை இழுக்கும் முன்னமே கண் மூடுகிறது, கை இறுகுகிறது, எனக்கோ அது தெரியவேயில்லை. அந்த நவம்பரில் ஒரு கிடாயின் வயிற்றில் சுட்டுவிட்டு, இருட்டும் வரை தேடி, மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தேன். இறைச்சி பழுதாகிவிட்டது. அதை விட மோசம், அந்த மிருகம் இரவு முழுக்கப் பட்ட பாடு.

அதனால் நான் சொல்வது இதுதான்: புதியவர் என்றால் 243 அல்லது 6.5 கிரீட்மோர், கொஞ்சம் உடல்வாகு இருந்தால் 308. 243இன் உதை 308இன் உதையில் ஏறக்குறைய பாதிதான். 243க்கு 95, 100 கிரெய்ன் (சன்னத்தின் எடையைச் சொல்லும் அளவு) சன்னம் எடுங்கள், 308க்கு 150. மானுக்கென்று செய்த, முனை விரியும் சன்னமாக இருக்க வேண்டும். முழுக்கச் செப்பு போர்த்திய இராணுவச் சன்னம் மலிவு என்று வாங்காதீர்கள், அது ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போய்விடும். ரைபிளின் குழலில் பொறித்திருக்கும் பேரும் ரவைப் பெட்டியின் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வெருள்வதற்கு மருந்து ஒன்று இருக்கிறது. சுடும் மைதானத்தில் கூட்டாளி ஒருவரிடம் துவக்கைக் கொடுத்து, சில தரம் உண்மையான ரவையும் சில தரம் மருந்தில்லாத வெற்று ரவையும் போட்டுத் தரச் சொல்லுங்கள், எது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. வெற்று ரவைக்கு விசையை இழுக்கும்போது குழல் முனை குனிந்தால் நீங்கள் வெருள்கிறீர்கள். குனியாமல் வரும் வரை செய்யுங்கள். ஒரே நாளில் பெரிய ரைபிளில் இருபது வெடிக்கு மேல் வேண்டாம், மீதியை 22 என்ற சின்ன ரைபிளில் சுட்டுப் பழகலாம், செலவும் குறைவு. மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் வரும் அந்தச் சின்ன இடைவெளியில் விசையை மெதுவாக அழுத்துங்கள், வெடி எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியாத மாதிரி. ஸ்கோப்புக்கு (ரைபிளின் மேல் பூட்டும் குறிபார்க்கும் கண்ணாடி) மிகக் கிட்டக் கண்ணை வைக்காதீர்கள், துவக்கு உதைக்கும்போது புருவத்தில் பிறை மாதிரி வெட்டு விழும். என்னுடையது இன்னும் இருக்கிறது.

308ஐ 100 கஜத்தில் சரியாகக் குறி வைத்தால் 200 கஜத்தில் சன்னம் நாலு அங்குலம் வரை கீழே இறங்கும். 100இல் இரண்டு அங்குலம் மேலே வைத்தால் 200இல் ஏறக்குறைய நேராக விழும். பெரும்பாலான ஸ்கோப்பில் குறியை மாற்றும் திருகின் ஒரு கிளிக் என்றால் 100 கஜத்தில் கால் அங்குலம். எந்த ரவையில் சரி பார்த்தீர்களோ அதே ரவையோடு காட்டுக்குப் போங்கள், பெட்டியின் பேர் மாறினால் சன்னம் விழும் இடமும் மாறும். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டதை வைத்து மயங்க வேண்டாம், இருந்தும் முழங்காலிட்டும், குளிருக்குப் போடும் அதே தடித்த உடுப்போடும் சுட்டுப் பாருங்கள். எட்டு அங்குலத் தட்டு ஒன்றில் எத்தனை கஜம் வரை தவறாமல் அடிக்கிறீர்களோ அதுதான் உங்கள் தூரம். எனக்கு அது 150தான், அதற்கு மேல் மான் நின்றால் பார்த்துவிட்டு விடுவேன்.

இங்கே வயல்காவல் பன்னிரண்டு போர் துவக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் சிறு சன்னங்கள் கொஞ்சத் தூரத்தில் தளர்ந்துவிடும், ரைபிளின் சன்னம் சில கிலோமீற்றர் போகும். மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால், மேட்டு உச்சியில் வானத்தை முதுகாக வைத்து நின்றால் சுடாதீர்கள். வேட்டைச் செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் போடுங்கள், ஒன்ராறியோவில் துவக்கு வேட்டைப் பருவத்தில் அது சட்டம், இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் செம்மஞ்சளாக இருக்க வேண்டும்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள், அங்கேதான் நுரையீரலும் இதயமும். தலைக்குக் குறி வைக்காதீர்கள், தாடை உடைந்து பட்டினியில் சாகும். சுட்டதும் அடுத்த ரவையை ஏற்றிக்கொண்டு, நின்ற இடத்தையும் கடைசியாகப் பார்த்த மரத்தையும் மனத்தில் குறித்துவிட்டு, அரை மணித்தியாலம் அசையாமல் இருங்கள். இரத்தம் இளஞ்சிவப்பில் நுரையாக இருந்தால் நுரையீரல், கிட்டத்தில்தான் கிடக்கும். பச்சையாக, நாற்றமாக இருந்தால் வயிறு. பல மணித்தியாலம் பொறுத்துப் போங்கள், துரத்தினால் மைல் கணக்கில் ஓடும். இரத்தம் கண்ட ஒவ்வொரு இடத்திலும் கழிவறைக் கடதாசித் துண்டு ஒன்றைக் கிளையில் சொருகிவிட்டுப் போனால், தடம் தவறும்போது திரும்பிப் பார்க்க அந்த வெள்ளை வரிசையே அது எந்தப் பக்கம் போனது என்று காட்டும்.