சிங்கப்பூரில் குற்றப் பதிவு ‘ஸ்பென்ட்’ ஆவது எப்படி, வழக்கறிஞரிடம் எப்போது போக வேண்டும்?

என் சித்தப்பா மகன் 19 வயதில் ஒரு கடையில் ஹெட்ஃபோன் எடுத்து மாட்டிக்கொண்டான். 1,200 வெள்ளி அபராதம், அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு 8 வருடம், ஒவ்வொரு வேலைப் படிவத்திலும் “குற்றப் பதிவு உண்டா?” என்ற கேள்விக்கு நேர்மையாக ‘ஆம்’ போட்டான். பல இடங்களில் மறுபடி கூப்பிடவே இல்லை. கடைசியில் ஒரு ஆள், “உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, 3,000 வெள்ளி கொடு, பதிவையே அழித்துவிடலாம்” என்று சொல்ல, தம்பி பணம் புரட்டக் கிளம்பிவிட்டான். நல்லவேளையாக என்னிடம் சொன்னான். இருவரும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். ஐந்தே நிமிடத்தில் தெரிந்தது: அவன் பதிவு மூன்று வருடத்துக்கு முன்பே தானாக ‘ஸ்பென்ட்’ ஆகியிருந்தது. அந்த மூன்று வருடமும் அவன் ‘ஆம்’ போட்டிருக்கவே வேண்டியதில்லை. இது நம் பிள்ளைகள் இன்னொருவருக்கு நடக்கக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள்

பதிவை ‘அழிப்பது’ என்று நாம் பேசுகிறோம். சில வெளிநாடுகளில் அப்படி உண்டு. தண்டனை பெற்றவருக்கு இங்கே இருக்கும் வழியின் பெயர் ‘ஸ்பென்ட்’. குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தில் 2005இல் வந்த ஏற்பாடு இது. பதிவு போலீஸிடம் இருக்கும், ஆனால் சட்டத்தின் கண்ணில் உங்களுக்குக் குற்றப் பதிவு இல்லை. வேலைக்கு எடுப்பவர் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லலாம், அது பொய்யாகாது. விதிவிலக்குகள் உண்டு. உதாரணமாக, மறுபடி ஒரு வழக்கில் நீதிமன்றம் போனால் பழைய பதிவு பேசப்படலாம். அதனால் “முழுவதும் அழித்துத் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 1: உங்களுக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள், இது முக்கியம். போலீஸ் கூப்பிட்டுக் கடும் எச்சரிக்கை கொடுத்து அனுப்பியதையே ‘ரெக்கார்டு’ என்று நினைத்து வருடக்கணக்கில் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கை என்பது தண்டனைத் தீர்ப்பு இல்லை. அதற்குச் சட்ட விளைவு இல்லை என்று உயர் நீதிமன்றம் 2015இலேயே சொல்லியிருக்கிறது. எல்லாக் குற்றமும் பதிவேட்டில் ஏறுவதும் இல்லை. சட்டத்தின் அட்டவணையில் உள்ளவைதான் ஏறும். சமூக சேவை ஆணை போன்ற சமூகம் சார்ந்த தண்டனை பெற்றவர்களுக்கு, அதைச் சரியாக முடித்ததுமே பதிவு ஸ்பென்ட் ஆகிவிடும்.

படி 2: கணக்குப் போடுங்கள்

தானாக ஸ்பென்ட் ஆக இவை எல்லாம் பொருந்த வேண்டும்: சிறை என்றால் 3 மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, அபராதம் என்றால் 2,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. பதிவேட்டில் வேறு தண்டனை இருக்கக்கூடாது, முன்பே ஒரு பதிவு ஸ்பென்ட் ஆகியிருக்கக்கூடாது. சட்டம் தனியாகப் பட்டியல் போட்டு விலக்கியிருக்கும் கடுமையான குற்றமாகவும் இருக்கக்கூடாது. இவ்வளவும் சரியென்றால், தொடர்ந்து 5 வருடம் குற்றமில்லாமல் இருந்தால் போதும். விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் வேண்டாம்.

அந்த 5 வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அபராதம் மட்டும் என்றால் தண்டனை விதித்த நாளிலிருந்து. சிறை போனவர் என்றால் வெளியே வந்த நாளிலிருந்து. 2 மாதச் சிறை முடித்து 2018 மே மாதம் வெளியே வந்தவருக்கு 2023 மே மாதம் கணக்கு முடியும். பிடிபட்ட நாளையும், முதலில் நீதிமன்றம் போன நாளையும் மறந்துவிடுங்கள்.

படி 3: காகிதங்களைத் தேடி எடுங்கள்

குற்றச்சாட்டுத் தாள், தண்டனை விவரம், அபராதம் கட்டிய ரசீது அல்லது விடுதலைக் காகிதம். எங்கள் வீட்டில் சித்தி எல்லாவற்றையும் ஒரு முஸ்தஃபா பிளாஸ்டிக் பையில் போட்டு, அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று. குற்றச்சாட்டுத் தாளில் இருக்கும் சட்டப் பிரிவு எண்தான் வழக்கறிஞர் முதலில் பார்ப்பது. காகிதம் தொலைந்திருந்தால், வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

படி 4: வழக்கறிஞர்

படி 2இல் எல்லாம் தெளிவாகப் பொருந்தினால் உங்களுக்கு வழக்கறிஞரே தேவையில்லை. போலீஸிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டால் போதும். சந்தேகம் இருந்தால் முதலில் இலவச ஆலோசனைக்குப் போங்கள். புரோ போனோ எஸ்ஜி அமைப்பு நடத்தும் சட்ட ஆலோசனையில், முன்பதிவு செய்தால், சுமார் 20 நிமிடம் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்து பேசுவார். கடிதம் எழுதித் தரமாட்டார்கள், ஆனால் உங்கள் நிலை என்ன என்று சொல்லிவிடுவார்கள். 20 நிமிடம் சீக்கிரம் ஓடிவிடும், அதனால் தேதிகளை ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள்.

காசு கொடுத்து வைப்பதானால், அவரிடம் நடப்பு தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். கட்டணம் மொத்தமாக எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, என்னென்ன வேலை அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். “கண்டிப்பாகக் கிடைக்கும்” என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். முடிவு அவர் கையில் இல்லை. அப்புறம், அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது. நீங்கள் சொல்லாமல் விட்ட இரண்டாவது வழக்கு போலீஸ் பதிவில் இருக்கத்தான் செய்யும்.

படி 5: தானாக ஆகாதவர்களுக்கு, ஆணையருக்கு விண்ணப்பம்

வழக்கறிஞர் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். மேலே சொன்ன வரம்பைத் தாண்டியவர்கள், பதிவை ஸ்பென்ட் ஆகக் கருதும்படி போலீஸ் ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்புரிமை.

எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு அண்ணன், அடிதடி வழக்கில் 5 மாதம் உள்ளே இருந்தவர். இப்போது லாரி ஓட்டுகிறார். அவருக்குத் துணையாக நானும் போனேன். அவர் எழுதி வந்த கடிதத்தை வழக்கறிஞர் சிவப்புப் பேனாவோடு வாசித்தார். “கெட்ட சகவாசத்தால்” என்ற வரியை முதலில் அடித்தார்.

“அண்ணே, அடித்தது உங்கள் கைதானே?”

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆமாம் சார், நான்தான்” என்றார்.

“சரி, அதையே எழுதுவோம்.”

நடந்ததை இரண்டே வரியில், சாக்குச் சொல்லாமல். அதன் பிறகு வந்த வருடங்களில் என்ன செய்தார் என்பதைத் தேதியோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித ஆதாரத்தோடு. இப்போது இந்தப் பதிவு எதற்குத் தடையாக நிற்கிறது என்பதையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். “நிம்மதியாக வாழ வேண்டும்” என்பதைவிட “இந்த வேலைக்கு, இந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்” என்பது நிற்கும்.

நற்சான்றுக் கடிதங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. “இவர் நல்லவர், கடவுள் பக்தி உள்ளவர்” என்று நாலு பேரிடம் வாங்கிப் பயனில்லை. அண்ணனின் முதலாளி எழுதினார்: “இவர் 5 மாதம் சிறையில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வேலைக்கு வைத்தேன். ஆறு வருடமாக என் லாரிச் சாவி இவரிடம் இருக்கிறது.” வழக்கறிஞர் அதைத்தான் மேலே வைத்தார்.

கோப்பு முழுவதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். பதில் வரும்வரை படிவங்களில் உண்மையையே எழுதுங்கள். விண்ணப்பித்திருப்பது ஸ்பென்ட் ஆனதற்குச் சமம் ஆகாது. அண்ணனும் இப்போது காத்திருக்கிறார்.

வெளிநாட்டு விசா

ஸ்பென்ட் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். அமெரிக்க விசாப் படிவம், மன்னிப்புப் பெற்றிருந்தாலும் சொல்லும்படி நேரடியாகவே கேட்கிறது. அங்கே ‘இல்லை’ போட்டு மாட்டினால் பழைய குற்றத்தைவிடப் பெரிய தலைவலி. அதனால் கேள்வியின் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகப் படியுங்கள், புரியவில்லையென்றால் வழக்கறிஞரிடம் அந்தப் பக்கத்தையே காட்டுங்கள். பதிவு ஸ்பென்ட் ஆகிவிட்டதே என்று பழைய நீதிமன்றக் காகிதங்களைக் கிழித்துப் போடாதீர்கள். தூதரகம் கேட்டால் அவைதான் வேண்டியிருக்கும்.